சோவியத் ரேஞ்ச்ஃபைண்டர் கேமராக்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய பிலிம் கேமரா பக்கம் எட்டிப் பார்ப்பவர்கள் சீக்கிரமே ஃபெட், சோர்க்கி, கீவ் என்ற மூன்று பெயர்களில் வந்து நிற்பார்கள். விலை மலிவு, பேட்டரி வேண்டாம், பார்க்கவும் அழகு. ஆனால் வாங்கிய பிறகு வரும் சந்தேகங்கள் ஒன்றிரண்டு அல்ல. அதிகம் கேட்கப்படுபவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

ரேஞ்ச்ஃபைண்டர் என்றால் என்ன? எஸ்.எல்.ஆருக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

எஸ்.எல்.ஆரில் லென்ஸ் வழியாக வரும் காட்சியையே உள்ளிருக்கும் கண்ணாடி நம் கண்ணுக்குத் திருப்பிவிடும். ரேஞ்ச்ஃபைண்டரில் நாம் பார்ப்பது லென்ஸுக்கு மேலே உள்ள தனி ஜன்னல் வழியாக. இன்னொரு சிறு ஜன்னல் சற்றுத் தள்ளி இருக்கும். இரண்டிலும் வரும் பிம்பங்கள் வியூஃபைண்டரின் நடுவில் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும். லென்ஸைத் திருப்பினால் ஒரு பிம்பம் நகரும். இரண்டும் பொருந்தும் இடத்தில் ஃபோகஸ் சரி.

கண்ணாடி மேலும் கீழும் அடிக்காததால் சத்தம் குறைவு, உடம்பும் சிறியது. கெட்டதும் உண்டு. லென்ஸ் மூடியைக் கழற்றாமலே முழு ரோலையும் எடுத்து முடிக்கலாம். வியூஃபைண்டரில் எல்லாம் பளிச்சென்று தெரிந்துகொண்டிருக்கும், சந்தேகமே வராது.

இதெல்லாம் லைக்காவின் காப்பிதானே?

பாதி உண்மை. ஃபெட்டும் ஆரம்பகால சோர்க்கியும் ஜெர்மன் கேமராவான லைக்காவைப் பார்த்துச் செய்தவை. கீவ் வேறு கதை.

ஃபெட் பிறந்த இடம் கேமரா தொழிற்சாலையே அல்ல. சோவியத் உக்ரைனின் கார்கிவ் நகரில் 1927-ல் ஆதரவற்ற சிறுவர் சிறுமியருக்காக ஓர் உழைப்புக் குடியிருப்பு தொடங்கப்பட்டது. நடத்தியவர் கல்வியாளர் அன்டோன் மகரெங்கோ. சோவியத் ரகசியக் காவல்துறையின் நிறுவனர் ஃபெலிக்ஸ் எட்முண்டோவிச் ஜெர்ஜின்ஸ்கியின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. அவர் பெயரின் முதலெழுத்துகள்தான் ஃபெட். பிள்ளைகள் முதலில் மரச்சாமான் செய்தார்கள், பிறகு மின்சாரத் துளைக்கருவி. 1932-ல் ஜெர்மனியில் லைக்கா 2 வெளிவந்தது. அதைப் பிரித்துப் பார்த்து, 1934 முதல் வரிசையாக ஃபெட் கேமராக்கள் தயாரித்தார்கள். மைக்ரான் கணக்கில் துல்லியம் கேட்கும் பொருளைப் பதின்வயதுப் பிள்ளைகள் செய்தார்கள் என்பது எனக்கு இன்னும் வியப்பாகத்தான் இருக்கிறது.

1941-ல் ஜெர்மானியப் படை நெருங்கியபோது ஆலை சைபீரியாவின் பெர்ட்ஸ்குக்கு இடம்பெயர்ந்தது. போர் முடிந்த பிறகு மாஸ்கோவுக்கு அருகே உள்ள க்ராஸ்னகோர்ஸ்க் ஆலையும் அதே கேமராவைச் செய்யத் தொடங்கியது. 1948-ல் வந்தவற்றில் ஃபெட், சோர்க்கி இரண்டு பெயரும் சேர்ந்தே பொறிக்கப்பட்டிருக்கும். பிறகு சோர்க்கி என்ற பெயர் மட்டுமே பொறிக்கப்பட்டது.

கீவ் கேமராவை காப்பி என்று சொல்வதே பொருந்தாது. போர் இழப்பீடாக ஜெய்ஸ் ஐகான் நிறுவனத்தின் கான்டாக்ஸ் கேமராவுக்கான கருவிகளும் உதிரிபாகங்களும் சோவியத் கைக்கு வந்தன. அவை கீவ் நகரின் ஆர்சனல் ஆலைக்குப் போய்ச் சேர்ந்தன. 1940களின் கடைசியில் வந்த முதல் கீவ்களில் ஜெர்மானியப் பாகங்களே இருந்தன. 1936-ல் வந்த கான்டாக்ஸின் அதே வடிவமைப்பு, சிறு மாற்றங்களோடு, 1980கள் வரை அங்கே தயாரானது.

முதல் கேமராவாக எதை வாங்குவது?

ஃபெட்-2. யோசிக்காமல் சொல்வேன். 1955 முதல் 1970 வரை வந்தது. வியூஃபைண்டரும் ரேஞ்ச்ஃபைண்டரும் கண் வைத்துப் பார்க்கும் ஒரே ஜன்னலில் தெரியும். முன்பக்கத்தில் உள்ள இரண்டு ஜன்னல்களுக்கும் இடைவெளி 67 மில்லிமீட்டர். சோர்க்கி-4-ல் அது 38 தான். இடைவெளி கூடக் கூட ஃபோகஸ் துல்லியம் கூடும். பின்பக்கம் முழுவதும் கழன்று வருவதால் பிலிம் போடுவதும் சுலபம். ஷட்டர் (பிலிமை மறைத்துத் திறக்கும் திரை) வேகம் 1/25 அல்லது 1/30 விநாடி முதல் 1/500 வரைதான். மெதுவான வேகங்களுக்கான பல்சக்கரங்கள் இல்லை, ஆகவே கெட்டுப்போக அவ்வளவு பாகங்களும் இல்லை. மெதுவான வேகம் இல்லையே என்று குறைபட்டுக்கொள்பவர்கள் உண்டு. முக்காலி எடுத்துக்கொண்டு சுற்றாதவருக்கு அது குறையே அல்ல.

சோர்க்கி-4 தான் அதிகம் கிடைப்பது. 1956 முதல் 1973 வரை 17 லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். ஒரு விநாடி முதல் 1/1000 வரை வேகம், பெரிய பிரகாசமான வியூஃபைண்டர், கண்ணாடி அணிபவர்களுக்குப் பார்வைத் திருத்தம் எல்லாம் உண்டு. பிறகு வந்த 4கே-யில் பிலிமை நகர்த்தக் குமிழுக்குப் பதிலாக லீவர். நல்ல கேமரா, ஆனால் வேகச் சக்கரத்தைத் தெரியாமல் திருகினால் பழுதாகும். அதைக் கீழே சொல்கிறேன்.

ஃபெட்-3, 4, 5 உழைக்கும், ஆனால் உடம்பு கனத்து அழகு குறைந்துகொண்டே போனது. பழைய ஃபெட்-1, சோர்க்கி-1 இரண்டும் சட்டைப்பைக்குள் போகும் அளவு. ஆனால் அடிப்பக்கமாகப் பிலிம் போட வேண்டும், ஃபோகஸுக்கு ஒரு ஜன்னல், காட்சிக்கு இன்னொன்று. இரண்டாவது கேமராவாக வாங்குங்கள்.

கீவ்-4, கீவ்-4ஏ இரண்டும்தான் இந்தக் கூட்டத்தில் பொறியியல் ரீதியாக உயர்ந்தவை. ரேஞ்ச்ஃபைண்டர் இடைவெளி சுமார் 90 மில்லிமீட்டர். துணித்திரைக்குப் பதில் மேலிருந்து கீழே ஓடும் உலோகத் தகட்டு ஷட்டர். ஆனால் அந்தத் தகடுகளை இழுப்பவை இரண்டு பட்டு நாடாக்கள். அவை அறுந்தால் சரிசெய்யத் தெரிந்தவரைத் தேடி அலைய வேண்டும்.

வேகத்தை மாற்றும் முன் வைண்ட் செய்ய (பிலிமை அடுத்த படத்துக்கு நகர்த்தி ஷட்டரைத் தயாராக்க) வேண்டும் என்கிறார்களே, ஏன்?

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள்: முதலில் வைண்ட் செய்யுங்கள், அப்புறம்தான் வேகத்தை மாற்றுங்கள்.

வேகச் சக்கரம் ஷட்டர் அச்சோடு சேர்ந்து சுழல்கிறது. ஃபெட்-2-ல் வைண்ட் செய்யாத நிலையில் குறி வேறு இடத்தில் நிற்கும். அதை நம்பி மாற்றினால் தவறான வேகத்தில் படம் எடுப்பீர்கள், அவ்வளவுதான். சோர்க்கி-3, சோர்க்கி-4, ஃபெட்-3 போன்று மெதுவான வேகம் உள்ளவற்றில் சேதமே ஆகலாம். வைண்ட் செய்யாமல் திருகினால் மெதுவேக இயந்திரத்தின் ஊசி தவறான இடத்தில் மாட்டிக்கொள்ளும். சோர்க்கி-4-ல் 30-க்கும் 1-க்கும் இடையிலான பகுதி வழியாகச் சக்கரத்தை எப்போதும் கொண்டுபோகாதீர்கள். மறுபக்கமாகச் சுற்றி வாருங்கள். இறுகினால் பலம் காட்ட வேண்டாம்.

விற்பவர் கையில் கேமரா இருக்கும்போது வேகச் சக்கரத்தை எப்படித் திருப்புகிறார் என்று கவனியுங்கள். அவருக்கே இது தெரியவில்லை என்றால் விலையைக் குறைத்துக் கேளுங்கள், அல்லது வேறு கேமரா பாருங்கள்.

வாங்கும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

முதலில் ஷட்டர் திரை. லென்ஸையும் பின்பக்கத்தையும் கழற்றிவிட்டு வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். துணியில் ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தாலும் ஓட்டைதான். ஒவ்வொரு பிரேமிலும் வெள்ளைப் பொட்டாக வரும். மூடி போடாமல் வெயிலில் வைத்தால் லென்ஸே பூதக்கண்ணாடியாகித் திரையைச் சுட்டுவிடும். பல ஓட்டைகள் அப்படி வந்தவை. ஃபெட்-1, சோர்க்கி-1 ஆகியவற்றின் பின்பக்கம் கழலாது என்பதால் ஒரு ரோல் எடுத்துப் பார்ப்பதே நிச்சயமான வழி.

அடுத்து வேகங்கள். ஒவ்வொன்றாக அழுத்திக் கேளுங்கள். சத்தத்தில் வித்தியாசம் காதுக்கே தெரிய வேண்டும். ஒரு விநாடி வேகம் பாதியில் நின்று தூங்கினால் உள்ளே கிரீஸ் கெட்டியாகிவிட்டது. 1/500, 1/1000-ல் படத்தின் ஒரு ஓரம் இருண்டு வந்தால் இரண்டு திரைகளும் ஒரே வேகத்தில் ஓடவில்லை என்று பொருள்.

இரட்டை பிம்பம் மங்கியிருக்கிறதா, தொலைவில் உள்ள கோபுரமோ செல்போன் டவரோ முடிவிலியில் பொருந்துகிறதா என்று பாருங்கள். சற்றே விலகியிருந்தால் பயப்பட வேண்டாம், சரிசெய்துகொள்ளலாம்.

கடைசியாக, பலர் மறப்பது: பிலிமைச் சுற்றிக்கொள்ளும் சுருள். இந்தக் கேமராக்கள் பலவற்றில் அது கழன்று வரும். அது இல்லாமல் கேமரா வந்து சேர்ந்தால் ஒரு படம்கூட எடுக்க முடியாது. விற்பவரிடம் உள்பக்கப் படத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

"டெஸ்ட் செய்யவில்லை, பிலிம் பற்றி எனக்குத் தெரியாது" என்று எழுதியிருந்தால், ஓடவில்லை என்றே எடுத்துக்கொள்வேன்.

தங்க முலாம் பூசிய லைக்கா, கழுகுச் சின்னம் பொறித்த லைக்கா என்றெல்லாம் மலிவாக வருகிறதே?

ஃபெட் அல்லது சோர்க்கிதான். பெயரைச் சுரண்டிவிட்டு லைக்கா என்று பொறித்து, ஜெர்மன் விமானப்படை, கடற்படை, 1936 ஒலிம்பிக் என்று ஏதாவது ஒரு கதையைச் சேர்த்து விற்கிறார்கள். லென்ஸைக் கழற்றி உள்ளே பாருங்கள். லென்ஸைத் தொட்டு நகரும் சிறு கை ஒன்று இருக்கும். அசல் லைக்காவில் அதன் நுனியில் சுழலும் உருளை. ஃபெட், சோர்க்கியில் வழவழப்பான ஆப்பு வடிவம். பத்து விநாடியில் முடிகிற வேலை.

சிலர் போலி என்று தெரிந்தே வாங்கி அலமாரியில் வைக்கிறார்கள். அது அவரவர் ரசனை. ஒரு நல்ல சோர்க்கியைச் சுரண்டிக் கெடுத்திருக்கிறார்களே என்பதுதான் என் வருத்தம்.

எந்த லென்ஸ் நல்லது?

உண்மையில் கேமராவைவிட லென்ஸுக்காகவே இந்தப் பக்கம் வருபவர்கள் அதிகம்.

இண்டஸ்டார் குடும்பம் டெஸ்ஸார் வகை, நான்கு கண்ணாடிகள். ஃபெட்-2-உடன் வரும் இண்டஸ்டார்-26எம், சோர்க்கியோடு வரும் சின்னஞ்சிறு இண்டஸ்டார்-22, இண்டஸ்டார்-50 எல்லாம் இதில் அடக்கம். லென்ஸின் திறப்பை (அபெர்ச்சர்) எஃப்8-ல் வைத்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. லாந்தனம் கலந்த கண்ணாடியால் ஆன இண்டஸ்டார்-61 எல்/டி இன்னும் கூர்மை.

ஜூப்பிட்டர் குடும்பத்தின் பெரும்பாலான லென்ஸ்கள் ஜெய்ஸின் வாரிசுகள். லுட்விக் பெர்டேலே 1930களில் வடிவமைத்த சோனார் லென்ஸ்தான் எஃப்2 திறப்புள்ள ஜூப்பிட்டர்-8-க்கும், எஃப்1.5 உள்ள ஜூப்பிட்டர்-3-க்கும் மூலம். முதலில் வந்தவற்றில் ஜெர்மானியக் கண்ணாடியே இருந்தது. மனித முகங்களுக்கு ஜூப்பிட்டர்-8 போதும், விலையும் கட்டுப்படியாகும். முழுத் திறப்பில் கொஞ்சம் மென்மை, பின்னணி உருகிப்போகும். ஜூப்பிட்டர்-3-ஐப் பற்றி இணையத்தில் கேட்கும் புகழ்ச்சியில் பாதியைக் கழித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பிரதியும் ஒவ்வொரு மாதிரி, பலர் திறந்து மூடியவை வேறு.

அகலக் கோணத்துக்கு 35 மில்லிமீட்டர் ஜூப்பிட்டர்-12. பின்கண்ணாடி உருண்டை போல உள்ளே நீட்டிக்கொண்டு நிற்கும், கீழே வைக்கும்போது கவனம். இதற்குத் தனி வியூஃபைண்டர் வாங்கி மேலே மாட்ட வேண்டும். 85 மில்லிமீட்டர் ஜூப்பிட்டர்-9, 135 மில்லிமீட்டர் ஜூப்பிட்டர்-11 இரண்டும் உண்டு. ஆனால் சோர்க்கி-4-ன் குறுகிய ரேஞ்ச்ஃபைண்டரில் 135-ஐத் துல்லியமாக ஃபோகஸ் செய்வது பொறுமையைச் சோதிக்கும்.

எம்39 என்று போட்டிருந்தால் எல்லாம் பொருந்துமா?

திருகிக்கொள்ளும். ஃபோகஸ் ஆகாது! பழைய ஜெனித் எஸ்.எல்.ஆர். கேமராக்களுக்கும் அதே 39 மில்லிமீட்டர் மரைதான். ஆனால் லென்ஸ் அமரும் இடத்திலிருந்து பிலிமுக்கு ரேஞ்ச்ஃபைண்டரில் 28.8 மில்லிமீட்டர், ஜெனித்தில் 45.2. ஜெனித் லென்ஸை ஃபெட்டில் போட்டால் அருகிலோ தூரத்திலோ எதுவும் தெளிவாக வராது. ஜூப்பிட்டர்-9, 11 இரண்டு வகையிலும் வந்தவை என்பதால் கேட்டு வாங்குங்கள். இண்டஸ்டார்-61 எல்/டி ரேஞ்ச்ஃபைண்டருக்கு, எல்/இசட் எஸ்.எல்.ஆருக்கு.

போருக்கு முந்தைய ஃபெட்டில் இன்னொரு சிக்கல். அப்போது அளவு ஒரே சீராக இல்லை. ஒவ்வொரு லென்ஸையும் அதன் உடலோடு சேர்த்துப் பொருத்தினார்கள். ஜோடியைப் பிரிக்காதீர்கள்.

கீவ் மரை அல்ல, கான்டாக்ஸ் பயோனெட் (செருகித் திருப்பிப் பூட்டும் வகை). ஃபெட், சோர்க்கி லென்ஸ்கள் அதில் ஏறாது.

லைட் மீட்டர் வேலை செய்யுமா?

ஃபெட்-4, ஃபெட்-5, கீவ்-4 மூன்றிலும் செலினியம் மீட்டர் உண்டு. பேட்டரி வேண்டாம், வெளிச்சம் பட்டாலே முள் ஆடும். முள் ஆடுவதால் அளவு சரி என்று ஆகிவிடாது. செலினியம் வயதாக ஆகச் சோர்ந்துபோகும். பழைய மீட்டர்களில் பிலிமின் உணர்திறனுக்கு 65, 130, 250 என்று வேறு அளவுகள் இருக்கும். அது காஸ்ட் என்னும் சோவியத் தரம். ஐஎஸ்ஓ 100 என்பது அதில் சுமார் 90.

போன் ஆப் போதும். வெயிலுக்கு அதுவும் தேவையில்லை: அபெர்ச்சர் 16, வேகம் பிலிமின் ஐஎஸ்ஓ எண்ணுக்குப் பக்கத்தில். ஐஎஸ்ஓ 100 பிலிம் என்றால் 1/100 அல்லது 1/125.

பிலிம் போடும்போது சிக்கிக்கொள்கிறது, என்ன செய்வது?

ஃபெட்-1, சோர்க்கி-1 என்றால் இன்றைய பிலிமின் முன்நாக்கு போதாது. கத்தரிக்கோலால் குறுகிய பகுதியைச் சுமார் 10 சென்டிமீட்டர் நீளத்துக்கு வெட்டிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அகலப் பகுதி ஷட்டர் வாயில் மாட்டும். பின்பக்கம் கழலும் மாடல்களில் இந்தத் தொல்லை இல்லை.

எதில் போட்டாலும் வைண்ட் செய்யும்போது ரீவைண்ட் குமிழும் சுழல்கிறதா என்று பாருங்கள். சுழலவில்லை என்றால் பிலிம் நகரவில்லை. ஃபெட்-2, சோர்க்கி-4 ஆகியவற்றில் பிரேம் எண்ணும் சக்கரத்தை நாம்தான் பூஜ்யத்தில் வைக்க வேண்டும். ரீவைண்டுக்கு முன் ஷட்டர் பட்டனைச் சுற்றியுள்ள வளையத்தை விடுவிக்க மறந்தால் பிலிம் கிழியும்.

நம் ஊர் ஈரப்பதம் தாங்குமா?

கேமரா தாங்கும், லென்ஸ்தான் தாங்காது. சென்னை, யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களில் மூடிய அலமாரியில் வைத்த லென்ஸுக்குள் பூஞ்சை சிலந்தி வலை போலப் படரும். இந்தக் கேமராக்களோடு வரும் பழுப்புத் தோல் உறை பார்க்க லட்சணம். ஆனால் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். உறையைத் தனியாக வையுங்கள். கேமராவைக் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைத்து, ஜெல் நிறம் மாறியதும் சூடாக்கிக் காயவைத்துத் திரும்பப் போடுங்கள். எல்லாவற்றையும்விட நல்லது, அடிக்கடி எடுத்துப் படம் பிடிப்பது.

ஃபோகஸ் விலகியிருக்கிறது. நானே சரிசெய்யலாமா?

ஃபெட்-2, சோர்க்கி-4 என்றால் தாராளமாக. முன்பக்கத்தில் ஒரு சிறு மூடித் திருகு இருக்கும். அதைக் கழற்றினால் உள்ளே சரிசெய்யும் திருகு தெரியும். லென்ஸை முடிவிலியில் வைத்து, தூரத்துக் கட்டடத்தைப் பார்த்தபடி மெல்லியத் திருப்புளியால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். பிம்பம் மேல்கீழாக விலகியிருந்தால் ஃபெட்-2-ன் சிறு ஜன்னல் வளையத்தைத் திருப்பினால் போதும். கீவில் இதைச் செய்ய இறங்காதீர்கள்.

எந்த ஆண்டுத் தயாரிப்பு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

1950களின் நடுவிலிருந்து வந்த சோர்க்கியிலும், கீவிலும், பெரும்பாலான லென்ஸ்களிலும் எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் ஆண்டைக் காட்டும். 63 என்று தொடங்கினால் 1963. ஃபெட்டில் இந்த வசதி இல்லை. வேகங்களையும் குமிழ்களின் வடிவத்தையும் வைத்துத்தான் கணிக்க வேண்டும்.

ஆண்டு தெரிந்துகொள்வது வெறும் ஆர்வத்துக்காக அல்ல. 1950கள், 60களின் தயாரிப்பில் உலோக வேலையும் குரோம் பூச்சும் நேர்த்தி. 70களின் பிற்பகுதிக் கீவ்களை விலை குறைவு என்பதற்காக மட்டும் வாங்க வேண்டாம்.

சேகரிப்பதற்கு அரியவை எவை?

பெர்ட்ஸ்க் பெயர் பொறித்த ஃபெட். 1/1000 வேகமும் எஃப்2 லென்ஸும் கொண்ட போருக்கு முந்தைய ஃபெட்-எஸ். இரண்டு பெயரும் சேர்ந்த ஃபெட்-சோர்க்கி. ரஷ்யப் புரட்சியின் பொன்விழாவுக்கு 1967-ல் வந்த சோர்க்கி-4. அப்புறம் லெனின்கிராட்: ஸ்பிரிங்கை ஒருமுறை முறுக்கினால் படம் படமாகத் தானே நகர்த்தும் கேமரா. 1958 பிரஸ்ஸல்ஸ் கண்காட்சியில் பெரும் பரிசு வாங்கியது. ஸ்பிரிங் பழுதானால் சரிசெய்ய ஆள் கிடைப்பது கஷ்டம்.

பச்சை, நீலம், சிவப்புத் தோல் போர்த்திய ஃபெட்-2-கள் அசலாகவே வந்தன. ஆனால் இன்று சந்தையில் சுற்றும் வண்ணக் கேமராக்களில் பல, விற்பவர் புதுத் தோல் ஒட்டியவை. படம் எடுக்க வாங்குபவருக்கு அதனால் நஷ்டமில்லை. அரிய பொருள் விலை கொடுக்காமல் இருந்தால் சரி.

பிலிம் எங்கே கிடைக்கும்?

எல்லாமே சாதாரண 35 மில்லிமீட்டர் பிலிம்தான். கோடாக், இல்ஃபோர்டு, ஃபோமா என்று இறக்குமதியானவற்றை ஆன்லைனில் வாங்க வேண்டியதுதான். ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் செய்த இந்து கருப்பு-வெள்ளை ரோல்களைப் பெரியவர்கள் நினைவுகூர்வார்கள்; அந்த ஆலை மூடியாயிற்று. கருப்பு-வெள்ளையை வீட்டுக் குளியலறையிலேயே டெவலப் செய்யக் கற்றுக்கொண்டால் செலவு வெகுவாகக் குறையும்.

ஃபிளாஷ்?

பெரும்பாலானவற்றில், மேலே ஃபிளாஷ் மாட்டும் ஷூவில் மின் தொடர்பு கிடையாது. கேமராவோடு இணைக்கும் சிங்க் ஒயர் உள்ள ஃபிளாஷ் வேண்டும். வேகம் 1/25 அல்லது 1/30. பழைய ஃபெட்-1, சோர்க்கி-1-ல் அதற்கான துளையே இருக்காது.

இந்த லென்ஸ்களை டிஜிட்டல் கேமராவில் போடலாமா?

மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத டிஜிட்டல் கேமரா) என்றால் போடலாம். எம்39 அடாப்டர் மலிவு. சோனி, ஃபுஜி உட்பட எல்லாவற்றுக்கும் கிடைக்கிறது. கீவ் லென்ஸுக்கான அடாப்டர் விலை கூடுதல். ஜூப்பிட்டர்-12 மட்டும் விதிவிலக்கு. அதன் நீட்டிய பின்கண்ணாடி சில கேமராக்களின் உள்பாகத்தில் இடிக்கும். உங்கள் மாடலில் யாராவது போட்டுப் பார்த்திருக்கிறார்களா என்று தேடிவிட்டுத் திருகுங்கள். லைக்கா உடலில் ஜூப்பிட்டரைப் போடுபவர்களுக்கும் ஒரு சொல்: முழுத் திறப்பில், அருகில் உள்ள பொருளில் ஃபோகஸ் கொஞ்சம் தவறும். இரண்டு நாட்டு லென்ஸ்களின் அளவீடு ஒன்றல்ல. எஃப்4-க்கு மூடிக்கொண்டால் தெரியாது.